உதைக்கிற கணக்கும் கிழிக்கிற காலண்டரும்

நம் கணக்குக்கும் சப்ளையர் அனுப்பிய கணக்குக்கும் 270 ரூபாய் உதைக்கிறது என்று வையுங்கள். விவரம் தெரியாதவர் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வருவார். பழைய கணக்குப்பிள்ளைகள் அப்படிச் செய்ய மாட்டார்கள். 270-ஐ ஒன்பதால் வகுப்பார்கள். மிச்சமில்லாமல் போகிறதா? சரி, எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. வகுத்து வந்தது 30. அப்படியானால் மாறியது நூறும் பத்தும். மாறிய இலக்கங்களுக்கு நடுவே மூன்று வித்தியாசம். இனி கண்ணை அந்த இரண்டு இடத்தில் மட்டும் ஓட்டினால் போதும். 7,850 என்று வந்த பில்லை யாரோ 7,580 என்று ஏற்றியிருப்பார்கள். ஆள் அகப்பட்டார்.

இதில் மாயம் ஒன்றும் கிடையாது. பத்துக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் ஒன்பது, நூறுக்கும் பத்துக்கும் தொண்ணூறு. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் வந்தாக வேண்டும். சைபர் ஒன்று விட்டுப்போனாலும் அதே கதைதான். 450-ஐ 45 என்று போட்டால் உதைப்பது 405. அதையும் ஒன்பது தின்றுவிடும். ஒன்பதுக்கு மசியவில்லையா, வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால், பற்றில் வைக்க வேண்டியதை யாரோ வரவில் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கேஷியர் சார். கையால் லெட்ஜர் எழுதிய காலத்து மனிதர். இப்போது டேலியில் பற்றும் வரவும் சமமாக இல்லாவிட்டால் என்ட்ரியே சேவ் ஆகாது, அப்புறம் இந்த வித்தை எதற்கு என்று கேட்கலாம். இரண்டு பக்கமும் ஒரே தப்பான தொகையை ஏற்றினால் டேலிக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்குச் சேவ் ஆகிவிடும். மூன்று மாதம் கழித்து சப்ளையர் போன் பண்ணி, "மேடம், உங்க பேலன்ஸ் எங்களுக்கு ஒத்துவரலையே" என்பார். அப்போது ஒன்பது வேலைக்கு வரும்.

வித்தியாசம் கிடைத்த நொடியில் ஒரு சின்ன சந்தோஷம் வரும் பாருங்கள், அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சம்பளத்தில் அது சேராது. அப்ரைசலில் அதற்குக் கட்டம் கிடையாது. வீட்டில் சொன்னால் "அப்படியா" என்பார்கள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் வேலை பார்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில், ஷீட் மெட்டல் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸில். பட்டரவாக்கத்தில் இறங்கி நடக்கிற தூரம். எங்கள் மாதத்துக்கு ஒரு தாளம் உண்டு. 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் ஒன்று. 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20-ஆம் தேதி மூன்று-பி. அந்தந்தத் தேதியில் எங்கள் அறை எரிகிற வீடு மாதிரி இருக்கும். சலிப்பு குடியிருப்பது இந்தத் தேதிகளுக்கு நடுவில்.

ஆபீசில் சலிப்பு என்றால் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வேலை இல்லாவிட்டால் வம்பு பேசலாம், ஜன்னல் வழியே லாரி ரிவர்ஸ் எடுப்பதை வேடிக்கை பார்க்கலாம், அதிலெல்லாம் சலிப்பு வராது. வேலை நிறைய இருந்து, ஒவ்வொன்றும் அதற்கு முந்தினதைப் போலவே இருந்தால்தான் வரும். எஃப்9 அழுத்து, பார்ட்டி பெயர், பில் நம்பர், தொகை, வரி, என்டர், என்டர், என்டர். மூளை முழுதாகவும் வேண்டாம், மூளையை வீட்டில் வைத்துவிட்டும் வர முடியாது. முக்கால்வாசி மூளை சும்மா இருக்கும், கால்வாசி மாட்டிக்கொண்டு இருக்கும். அந்த முக்கால்வாசிக்கு ஏதாவது தீனி போடாவிட்டால் அது மற்றதைத் தின்ன ஆரம்பித்துவிடும். பழைய சண்டை, வராத இன்கிரிமென்ட், நாத்தனார் சொன்ன சொல் என்று வரிசையாக எடுத்துப்போடும்.

நான் போடுகிற தீனி லாரி நம்பர்.

சரக்கு வெளியே போக இ-வே பில் எடுக்க வேண்டும். முதல் பகுதியில் சரக்கு விவரம், இரண்டாம் பகுதியில் வண்டி நம்பர். டிஸ்பாட்ச் அக்கா இன்டர்காமில் நம்பர் சொல்வார், நான் ஏற்றுவேன். டிஎன் 13, டிஎன் 20, டிஎன் 18 என்று எல்லாம் எங்கள் வட்டாரத்து வண்டிகள். கடைசி நாலு இலக்கம் கிடைத்ததும் கையில் இருக்கிற துண்டுக் காகிதத்தில் அதைக் குறித்துக்கொள்வேன். 4719 என்று வையுங்கள். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் 9741. சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் 1479. கழித்தால் 8262. இதை மறுபடி அதேபோல் அடுக்கி, 8622-இல் 2268 போனால் 6354. அடுத்து 6543-இல் 3456 போனால் 3087. 8730-இல் 0378 போனால் 8352. 8532-இல் 2358 போனால் 6174. வண்டி வந்து நின்றுவிட்டது. இனி எத்தனை முறை அடுக்கிக் கழித்தாலும் 6174-ஐ விட்டு நகராது. நாலும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நாலிலக்க எண்ணை எடுத்தாலும், ஏழு கழித்தலுக்குள் இங்கேதான் வந்து சேரும். நடுவில் 999 மாதிரி மூன்றிலக்கம் வந்தால் முன்னால் ஒரு சைபர் வைத்து 0999 ஆக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் டி. ஆர். கப்ரேக்கர். நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், ரிட்டயர் ஆகும்வரை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே எண்களோடு விளையாடினார். 6174 விஷயத்தை அவர் வெளியில் சொன்னது 1949-இல், நம் மதராஸில் நடந்த கணித மாநாட்டில். ரொம்ப காலம் அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் வெளிநாட்டில் பெயர் தெரிந்தது. அப்போது அவருக்கு எழுபது வயது. எழுபது வயது வரைக்கும் அது அவருடைய சொந்த வேடிக்கையாகவே இருந்திருக்கிறது.

மேலே போட்ட கழித்தல்களைத் திரும்பப் பாருங்கள். 8262, 6354, 3087, 8352, 6174. எல்லாவற்றையும் ஒன்பதால் வகுக்கலாம். அதே இலக்கங்களை இடம் மாற்றித்தானே கழிக்கிறோம்? 270 ரூபாயைக் காட்டிக்கொடுத்த அதே ஒன்பதுதான் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. இதைக் கவனித்த நாளில் கேஷியர் சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, முழுதாகப் பார்த்துவிட்டு, "அதான் நான் சொன்னேனே" என்றார். அவர் சொன்னதே இல்லை.

இது தனி ஆட்டம். ஆபீசில் ஜோடி ஆட்டம் வேறு.

எங்கள் அறைச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. மேலே நகைக்கடை விளம்பரம், நடுவில் முருகன், அதற்குக் கீழே குத்தப்பட்ட தேதிக் கட்டு. ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், அப்புறம் பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன். மேஷம் வரவு, ரிஷபம் சோர்வு, மிதுனம் நட்பு, இப்படி. எழுதுகிறவரின் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு முழு மனுஷனுடைய ஒரு முழு நாளை ஒரே சொல்லில் முடிக்க நம் எழுத்தாளர்களில் எத்தனை பேரால் முடியும்?

அந்தத் தாளைக் கிழிப்பது யார் என்பதில்தான் எங்கள் ஆபீஸ் தினமும் விடிகிறது. கேஷியர் சார், கேஷ் பெட்டி தன் பொறுப்பில் இருப்பதால் காலண்டரும் தன் பொறுப்பு என்று நினைக்கிறார். ஸ்டோர்ஸ் அண்ணன், ஷட்டரைத் திறப்பது தான் என்பதால் தேதியைத் திறப்பதும் தான்தான் என்கிறார். சார் வருவதற்கு அஞ்சு நிமிஷம் முன்னால் அண்ணன் கிழித்துவிடுவார். சார் உள்ளே நுழைந்து, செருப்பைக் கழற்றி, சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, காலண்டர் பக்கம் திரும்புவார்.

"யாருய்யா கிழிச்சது?"

"நேத்து ராத்திரியே அதுவா விழுந்துடுச்சு சார்."

"அதுவா விழுமா?"

"அதுக்கும் வயசாகுது இல்ல?"

அப்புறம் அண்ணன் கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு சாருக்கு ராசிபலன் வாசிப்பார். சார் மேஷம். தாளில் என்ன போட்டிருந்தாலும் அண்ணன் வாயில் "மேஷம், செலவு" என்றுதான் வரும். "பார்த்தீங்களா சார், இன்னிக்கு டீ உங்க கணக்கு." சார் தாளைப் பிடுங்கப் பார்ப்பார். அது முந்தின நாள் தாள் என்பது சாருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். ஒருநாள் நிஜமாகவே மேஷத்துக்கு 'பயணம்' என்று இருந்தது. இருபதாம் தேதி, மூன்று-பி போடுகிற நாள், போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, யாரும் சீட்டை விட்டு எழுந்திருக்க முடியாது. சாயங்காலம் சார் முகம் கழுவப் போனபோது அறை மொத்தமும் எழுந்து நின்று டாட்டா காட்டியது.

சரியாக வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஸ்டோர்ஸ் அண்ணன் கையெழுத்து வாங்க செக்கை நீட்டுவார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். சார் கையெழுத்துப் போட மாட்டார். போட மாட்டார் என்று தெரிந்துதான் அண்ணன் நீட்டுவது. "போன வாரமும் இதே நேரத்துக்குத்தான் வந்தே." "ராகுவும் போன வாரம் இதே நேரத்துக்குத்தான் சார் வந்தாரு."

ஆடிட் நேரத்துக்குப் புதிதாக ஒரு பையன் டிரெய்னியாகச் சேர்ந்தான். சுறுசுறுப்பான பிள்ளை. இரண்டு பெரியவர்கள் தினமும் ஒரு தாளுக்காகச் சண்டை போடுகிறார்களே, பாவம், நாமே செய்துவிடலாம் என்று ஒருநாள் எட்டே முக்காலுக்கு, அண்ணன் ஷட்டரைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் போன நேரத்தில் வந்து தாளைக் கிழித்து, கசக்கி, குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டான். அண்ணன் திரும்பி வந்தார். காலண்டரைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சார் வந்தார், கும்பிட்டார், திரும்பினார். அண்ணனைப் பார்த்து, "நீயா?" "இல்ல சார்." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. பதினோரு மணி டீ வரைக்கும் ஆபீஸ் கல்யாணம் நின்றுபோன மண்டபமாட்டம் இருந்தது. கடைசியில் டிஸ்பாட்ச் அக்காதான் எழுந்து போய்த் தொட்டியிலிருந்து தாளை எடுத்து, மேஜையில் வைத்துத் தேய்த்து நீவி, ஸ்டேப்ளர் அடித்துக் காலண்டரில் மாட்டினார். "இப்ப கிழிங்க" என்றார். அண்ணன் பாய்ந்து கிழித்தார். "யாருய்யா கிழிச்சது?" என்று சார் கத்தினார். எல்லாரும் வேலையைப் பார்க்கப் போனோம்.

பையனிடம் யாரும் எதுவும் விளக்கவில்லை. அவனே புரிந்துகொண்டான்.

இதையெல்லாம் நான் வெறும் கூத்து என்றுதான் வைத்திருந்தேன், டொனால்ட் ராய் எழுதிய கட்டுரையைப் படிக்கும் வரை. ராய் அமெரிக்காவைச் சேர்ந்த சமூகவியல் ஆய்வாளர். ஒரு தொழிற்சாலையில் தானே கூலியாளாகச் சேர்ந்து, பிளாஸ்டிக் தகட்டை அச்சு வைத்து வெட்டும் மிஷினில் வேலை பார்த்தார். நீண்ட வேலை நாள், வாரத்தில் ஆறு நாள், அச்சை வை, லீவரைத் தட்டு, துண்டை எடு, மறுபடி அச்சை வை. முதலில் அவருக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது. அதனால் தனக்குத்தானே ஒரு விளையாட்டு ஏற்படுத்திக்கொண்டார். இத்தனை துண்டு பச்சையில் வெட்டினால் அடுத்து பழுப்புக்குப் போகலாம், இத்தனை முடித்தால் பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாம். பலகையைச் சுரண்டுவது ஒரு பரிசு! வெளியாளுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. எண்பது பர்ச்சேஸ் என்ட்ரி முடித்தால் ஃபைலில் ஓட்டை போடலாம் என்று எனக்கு நானே வைத்துக்கொள்கிற பரிசு அது. பஞ்சிங் மிஷினின் அடிமூடியைத் திறந்து பொட்டுப் பொட்டான காகிதங்களைக் கொட்டுவது போனஸ்.

அவரோடு அந்த அறையில் இருந்தவர்கள் வயதான தொழிலாளிகள் மூன்று பேர். கட்டுரையில் அவர் அவர்களுக்கு வைத்த பெயர் ஜார்ஜ், ஐக், சாமி. சாமி தினமும் தனக்கென்று ஒரு வாழைப்பழம் கொண்டுவருவார். ஐக் அதைத் திருடி, "வாழைப்பழ நேரம்" என்று கூவிக்கொண்டே தின்றுவிடுவார். சாமி திட்டுவார். அடுத்த நாளும் பழம் கொண்டுவருவார். ஒருநாள்கூட அவர் அதைத் தின்றதில்லை. தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்கோ சாமி போனால், ஐக் அவருடைய மிஷினின் சுவிட்சை அணைத்துவிடுவார். சாமி திரும்பி வந்து லீவரைத் தட்டிப் பார்த்து, ஓடாமல், கத்துவார். ஒவ்வொரு தடவையும் ஏமாறுவார். பழத்தைத் தவிர பீச் நேரம், மீன் நேரம், ஜன்னல் நேரம் என்று ஒரு நாளில் பல நேரங்கள். முதலில் ராய்க்கு இதெல்லாம் அசட்டுத்தனமாகப் பட்டது. பிறகுதான் புரிந்தது, கடிகாரத்தில் ஒரே நீட்டாகக் கிடந்த நாளை இந்தச் சண்டைகள்தான் துண்டு போட்டுக் கொடுக்கின்றன என்று. 1959-இல் வெளிவந்த அந்தக் கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பே 'வாழைப்பழ நேரம்'தான்.

கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. அந்த அறையின் பேச்சுகளில் மதிப்பான ஒன்று ஜார்ஜின் மகள் ஒரு பேராசிரியர் வீட்டுப் பிள்ளையைக் கட்டியது. அதை வைத்து விளையாடலாம் என்று ராய் ஐக்குக்கு ஒரு யோசனை கொடுத்தார். அந்தப் பேராசிரியர் உண்மையில் முடிதிருத்தும் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவர் என்று ஒரு போடு போட்டார்கள். ஜார்ஜ் முகம் மாறிவிட்டது. அன்றிலிருந்து பேச்சு நின்றது, பழம் திருடுவது நின்றது, எல்லாம் நின்றது. பல நாள் அந்த அறையில் மிஷின் சத்தம் மட்டும். வாழைப்பழத்தைத் திருடலாம். சம்பந்தி வீட்டு மரியாதையைத் தொடக் கூடாது. எங்கே கோடு இருக்கிறது என்று யாரும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். எங்கள் அண்ணன் சாருடைய ராசியைத் தொடுவார், வயதைத் தொடுவார், வழுக்கையைத் தொடுவார். சார் மகன் இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பதைத் தொட்டதே இல்லை. அந்தப் பக்கம் பேச்சு திரும்பினாலே காலண்டரில் ஏதாவது கண்டுபிடித்துவிடுவார்.

இதனால்தான் மேலிடத்திலிருந்து வரும் கேளிக்கைகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. முன்பு வேலை பார்த்த ஒரு பெரிய கம்பெனியில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை 'ஃபன் ஃபிரைடே' என்று வைத்தார்கள். மூன்றிலிருந்து நான்கு வரை கட்டாயம் சந்தோஷமாக இருக்க வேண்டும். மியூசிக்கல் சேர், பலூன் உடைத்தல், காகிதக் கப் அடுக்குதல். ஹெச்.ஆர். பெண் போட்டோ எடுத்துக்கொண்டே இருப்பாள். மாதக் கடைசி வெள்ளி என்றால் அக்கவுண்ட்ஸுக்கு என்ன நாள் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? பலூனை உடைத்துவிட்டு வந்து ஏழு மணி வரை உட்கார்ந்து என்ட்ரி போட்டோம். விளையாட்டை உத்தரவாகப் போட்டால் அதற்கும் ஒரு வருகைப் பதிவேடு வந்துவிடுகிறது. அதே கம்பெனியில் லிஃப்ட் வரும் வரைக்கும் எந்தக் கதவு முதலில் திறக்கும் என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம். பந்தயம் ஒரு மிக்ஸர் பாக்கெட். அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை. அதற்கு ஒருவர்கூட லீவு போட்டதில்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எது வேலை, எது விளையாட்டு என்று தெரியாது என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல சாட்சி அசோகமித்திரன். 1950-களில் ஜெமினி ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவருக்குக் கிடைத்த பணிகளில் ஒன்று, பத்திரிகைகளிலிருந்து செய்திகளை வெட்டி ஃபைலில் சேர்ப்பது. நாள் முழுக்கப் பேப்பரைக் கிழித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தவர்கள் அவருக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டி, அவர் அறைக்கு வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்களாம். அவர் வெட்டிக்கொண்டே கேட்டார், பார்த்தார். பின்னால் ஆங்கிலத்தில் அந்த ஸ்டுடியோ நாட்களைப் பற்றி எழுதியபோது அத்தனை பேரும் அதில் வந்து நின்றார்கள். சினிமா உலகத்தை வைத்து அவர் எழுதிய 'கரைந்த நிழல்கள்' நாவலில் நட்சத்திர வெளிச்சத்தைவிட புரொடக்‌ஷன் ஆட்களின் அலுப்பும் காத்திருப்பும்தான் அதிகம். பேப்பர் கத்தரித்த அலுப்பு எங்கேயும் வீண் போகவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இதை நீட்டி, சலிப்பு வந்தால் எல்லாரும் அசோகமித்திரன் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னைத் துறைமுகத்தில் 1912-இல் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனையும் இப்படித்தான் எடுத்துக்காட்டுக்கு இழுப்பார்கள். அந்த அலுவலகத்தில் வேறு குமாஸ்தாக்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் சலித்தது.

எங்கள் கேஷியர் சார் மவுஸ் பிடிக்கக் கற்றது சாலிடேரில். இது நிறைய பேருடைய கதை. 1988-இல் மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்த வெஸ் செர்ரி என்ற மாணவர் எழுதிய விளையாட்டு அது. 1990-இல் விண்டோஸ் 3.0-வோடு சேர்ந்து வந்தது. மவுஸால் ஒன்றைப் பிடித்து இழுத்து இன்னொரு இடத்தில் விடுவதை மக்களுக்குப் பழக்க அது உதவியது. செர்ரி அதில் ஒரு 'பாஸ் கீ'யும் வைத்திருந்தார். முதலாளி வந்தால் ஒரு பட்டனைத் தட்ட வேண்டியது, சீட்டு மறைந்து கணக்குத் தாள் மாதிரி ஒரு திரை வந்துவிடும். வெளியிடும்முன் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். உலகம் பூராவும் ஆபீசில் ஆடப்பட்ட விளையாட்டுக்கு அவருக்கு ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. சார் இதைக் கேட்டுவிட்டு, "ஒரு வவுச்சர்கூடவா போடலை?" என்றார். அவருடைய ஆதங்கம் எப்போதும் வவுச்சர் பக்கம்தான்.

சாலிடேரோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு ஆட்டம் முடியும், சீட்டுகள் துள்ளி விழும், திரும்பி வேலைக்கு வரலாம். போன் அப்படி இல்லை. கையில் எடுத்தால் அது முடிவதில்லை. ரீல்ஸ் பார்த்த அரை மணி நேரத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. சலிப்பை அது ஆற்றுவதில்லை, மறக்கடிக்கிறது. வைத்ததும் இரண்டு பங்காகத் திரும்பி வரும். தவிர, ரீல்ஸைப் பார்த்துச் சிரிக்கிறவர் தனியாகச் சிரிக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று கேட்டால் திரையைத் திருப்பிக் காட்டுகிறார், அவர் மரியாதைக்குச் சிரிக்கிறார்.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு 2014-இல் வர்ஜினியா பல்கலைக்கழகத்தில் டிமதி வில்சனும் அவருடைய குழுவும் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. ஆட்களை ஒரு வெற்று அறையில் கால் மணி நேரம் தங்கள் நினைப்போடு மட்டும் உட்காரச் சொன்னார்கள். கையெட்டும் தூரத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் லேசாக ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கை முன்னாலேயே ருசி பார்த்து, இது வராமல் இருக்கக் காசு கொடுப்பேன் என்று சொன்னவர்கள்தான் எல்லாரும். ஆனாலும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் தாங்களே அழுத்திக்கொண்டார்கள். ஒருத்தர் 190 தடவை. ஆண்கள் கணக்கைப் பார்த்து டிஸ்பாட்ச் அக்கா ஆச்சரியப்படவே இல்லை. "எங்க வீட்டுக்காரர் கையில ரிமோட் குடுத்தா இதான் பண்றாரு" என்றார்.

ராய் வெட்டிய தகடுகளும் சரி, நான் போடும் என்ட்ரிகளும் சரி, நாளைக்கும் அதேதான் வரும். இப்போதைக்கு எங்கள் ஆபீசில் சூடாக ஓடுகிற ஆட்டம் டிரெய்னி பையன் ஆரம்பித்தது. கலெக்‌ஷன் கால். பாக்கி வைத்திருக்கும் கஸ்டமர்களுக்குப் போன் போட்டுப் பணம் கேட்கும் வேலையை அவன் தலையில் கட்டியிருக்கிறோம். எங்கள் தொழிலிலேயே மனசை அரிக்கிற வேலை அது. மைக்ரோ, சின்ன நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளைத் தாண்டிய பாக்கியை வருஷம் முடிவதற்குள்ளும் கொடுக்காவிட்டால் அந்த வருஷம் அந்தச் செலவை வருமானவரியில் கழிக்க முடியாது என்று சட்டம் வந்ததும் மார்ச் மாதத்தில் மட்டும் எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். மற்ற மாதங்களில் பழைய பாட்டுதான். பையன் அந்தப் பாட்டுகளையெல்லாம் ஒரு ஏ4 தாளில் நம்பர் போட்டு எழுதி மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டான்.

ஒன்று, செக் ரெடி, சைன்தான் பாக்கி. இரண்டு, சைன் ஆயிடுச்சு, கூரியர்காரன் வரலை. மூன்று, அக்கவுண்டன்ட் லீவு. நான்கு, அக்கவுண்டன்ட் மாறிட்டாங்க. ஐந்து, எம்.டி. ஊர்ல இல்லை. ஆறு, ஓடிபி எம்.டி. நம்பருக்குத்தான் போகும், பார்க்க ஐந்து. ஏழு, உங்க இன்வாய்ஸே வரலையே. எட்டு, ஜிஎஸ்டியில உங்க பில் காட்டலை. ஒன்பது, எங்களுக்கே வர வேண்டியது வரலை மேடம்.

டயல் பண்ணுவதற்கு முன் எல்லாரும் ஒரு நம்பரைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு அன்றைய மசால்வடை. கேஷியர் சார் எப்போதும் ஒன்பதுதான் சொல்வார், அது அவருடைய ராசி நம்பர் என்று கேள்வி. ஸ்டோர்ஸ் அண்ணன் கஸ்டமரின் குரல் 'ஹலோ' சொல்லும்போதே மாற்றிக்கொள்ளப் பார்ப்பார், அனுமதி இல்லை. கலெக்‌ஷன் முன்னைவிட ஏறியிருக்கிறதா என்றால், அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் பையன் முன்பெல்லாம் போனை எடுக்கும்போது மூச்சை இழுத்துவிட்டுக்கொள்வான், இப்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறான்.

போன வாரம் கிண்டி பக்கம் ஒரு கம்பெனிக்குப் போட்டான். எடுத்தது அங்கே அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஒரு பெண், அவனை விட இரண்டு வயது பெரியவளாக இருக்கலாம், குரலில் அதே மாதக் கடைசி.

"மேடம், அந்த ஆகஸ்ட் பில்..."

"எம்.டி. ஊர்ல இல்லை சார்."

அறையில் 'ஐந்து' என்று ஒரு கத்தல். வடை டிஸ்பாட்ச் அக்காவுக்கு. அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. அப்புறம், "என்ன சார் அங்க, அஞ்சுன்னு யாரோ கத்தறாங்க?"

பையனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்களைப் பார்த்தான், நாங்கள் காலண்டரைப் பார்த்தோம். கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டான், லிஸ்ட் இருக்கிறது என்று, நம்பர் இருக்கிறது என்று, வடை இருக்கிறது என்று. அவள் லிஸ்டைப் படிக்கச் சொன்னாள். படித்தான். ஒன்பது வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"பத்தாவதா ஒண்ணு எழுதிக்கங்க சார். 'சிஸ்டம் ஃபார்மட் பண்ணிட்டோம், லெட்ஜர் இன்னும் ரீஸ்டோர் ஆகலை.' இன்னும் யார்கிட்டயும் சொல்லலை. அடுத்த வாரம் உங்களுக்குத்தான் முதல்ல."